இப்னு ஸீனாவின் வயிற்றுநோயும் நம் வீட்டுப் பத்தியமும்

பழவேற்காட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோட்டையிலிருந்து தொடங்குவது வழக்கம். 1613-இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்த்ரியாக் கோட்டை, அவர்தம் எழுத்துப் பொறித்த கல்லறைகள், 1690-இல் அவர்களின் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது, 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது ஆகியவற்றை வரிசையாகச் சொல்வர். இன்னும் சிறிது விரிவாக எழுதுவோர் இவ்வூர்த் துறைமுகத்திலிருந்து கீழை நாடுகளுக்குச் சென்ற துணிவகைகளைக் கூறுவர். மலாய் நாட்டார் தம் கைலியை இன்றும் 'காயின் பெலிக்காட்' என்று இவ்வூரின் பெயராலேயே அழைப்பதைச் சுட்டிப் பெருமை கொள்வர். யாவும் உண்மையே.

ஆயின் ஓர் ஊரின் வரலாறு அதன் கோட்டையில் மட்டுமா இருக்கிறது? அதன் அடுப்பங்கரையிலும் இருக்கிறது அல்லவா? இவ்வேரிக்கரை மக்கள் எதை உண்டார்கள், நோயுற்றபோது எதை விலக்கினார்கள், விலக்கியவனுக்கு வீட்டார் என்ன ஆக்கிக் கொடுத்தார்கள் என்பதை எழுதி வைத்தவர் அரியர். அவ்வகையில் பத்தியத்தின் வரலாற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வெண்ணம் எனக்கு நூல்நிலையத்தில் உதிக்கவில்லை; என் வயிற்றிலேதான் உதித்தது என்பதை மறைப்பானேன்?

பெயர் தெரிந்த நோய்

ஏரிக்கரைக் குப்பமொன்றில் பிறந்து, ஓதி, அதே கரையில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருபவன் நான். ஐம்பதைத் தாண்டிய வயது. ஒரு மழைக்காலத்தில் கடுமையான வயிற்றுப்போக்குக் கண்டது. அது நின்ற பின்னும் குடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. உண்டதும் வயிறு உப்பும். சுருட்டிப் பிடித்து வலிக்கும். சில நாள் போக்கும் சில நாள் சிக்கலுமாக மாறி மாறி வரும். பஜ்ருத் தொழுகைக்கு உளூச் செய்து முடிப்பதற்குள் மூன்று முறை ஓட வேண்டியிருக்கும். ஸஃப்பில் நிற்கையிலும் உள்ளம் வயிற்றிலேயே நிற்கும்.

சென்னையில் ஒரு மருத்துவமனையில் எல்லாச் சோதனைகளும் செய்தார்கள். குடலினுள்ளே குழாய் விட்டும் பார்த்தார்கள். 'ஒன்றுமில்லை, மனக்கவலைதான்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரவு பகலாக ஒருவனை வருத்துவதை 'ஒன்றுமில்லை' என்று கேட்பது நோயினும் கொடிய துன்பம். வேறொரு மருத்துவரே பின்னர்ப் பொறுமையுடன் விளக்கினார். இதற்குப் பெயர் உண்டு, ஐ.பி.எஸ். என்று மூன்றெழுத்தில் சுருக்கி வழங்குவர். தமிழில் எரிச்சலுறு குடல்நோய் எனலாம். குடலில் புண்ணோ கட்டியோ இல்லை. ஆனால் அதன் அசைவும் உணர்வும் பிறழ்ந்திருக்கின்றன. உயிருக்கு இறுதி தருவதன்று. எனினும் நெடுநாள் உடன் வருவது. உணவில் கட்டுப்பாடு வேண்டும் என்றார்.

கட்டுப்பாடு என்ற சொல்லை நான் முரட்டுத்தனமாகப் பிடித்துக்கொண்டேன். பால் வேண்டாம், பருப்பு வேண்டாம், வெங்காயம் வேண்டாம், பூண்டு வேண்டாம், கோதுமை வேண்டாம், காரம் வேண்டாம் என்று நாளுக்கொன்றாக விலக்கினேன். ஒருநாள் வலி வந்தால் முதல்நாள் உண்டதெல்லாம் குற்றவாளியாயிற்று. இறுதியில் உப்பிட்ட கஞ்சியும் அவித்த உருளைக்கிழங்குமே எஞ்சின. உடல் மெலிந்தது. அதனினும் பெரிய இழப்பு, மனிதரோடு அமர்ந்து உண்பதை விட்டேன். ஒரு வலீமாவில் ஸஹனைச் சுற்றி அமர்ந்த நால்வரில் நான் மட்டும் கை வைக்காதிருந்தேன். விருந்தளித்தவரின் முகம் வாடியது. தம் வீட்டுச் சோற்றை ஓர் ஆலிம் ஐயுற்று ஒதுக்குகிறார் என்று அவர் எண்ணிவிட்டார். அதன்பின் அழைப்புகளுக்குப் போவதையே தவிர்த்தேன்.

அந்த ரமலானில் என் தமக்கையார் என் வீட்டுக்கு வந்தார். பள்ளிவாசல் கஞ்சியை நான் தொடாததைக் கண்டு சொன்னார்: "தம்பி, உனக்கு ஆகாதது எது எது என்று பத்துத் தடவை சொல்லிவிட்டாய். ஆகுவது எது என்று ஒரு தடவை சொல்லு. நான் ஆக்கித் தருகிறேன்."

என்னால் விடை சொல்ல இயலவில்லை. அக்கேள்வியைச் சுமந்துகொண்டே நூல்களிடம் போனேன்.

பேரீச்சங்குலையும் கீரைக்கறியும்

அரபியில் பத்தியத்துக்கு 'ஹிம்யா' என்று பெயர். காத்தல், தடுத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல். 'வயிறே நோயின் இல்லம், ஹிம்யாவே மருந்துகளின் தலை' என்னும் கருத்துடைய வாசகம் ஒன்றை நம் பயான்களில் பலரும் நபிமொழியாகவே எடுத்துரைப்பதுண்டு. 1350-இல் திமிஷ்கில் மறைந்த இமாம் இப்னுல் கையிம் அவர்கள் நபிவழி மருத்துவம் பற்றிய தம் நூலில் இதனை நபிமொழியன்று என்று தெளிவுபடுத்தி, அரபு மருத்துவர் ஹாரித் இப்னு கலதாவின் கூற்று என்கிறார்கள். சொன்னவர் யாராயினும் சொல் நற்சொல்லே. எனினும் அதில் பாதிச் செய்திதான் உள்ளது. மறுபாதியை அதே நூலில் எடுத்தாளப்பட்ட ஒரு நிகழ்ச்சியில் கண்டேன்.

அபூதாவூது, திர்மிதி முதலிய தொகுப்புகளில் வரும் அந்நிகழ்ச்சி நம்மில் பலர் அறிந்ததே. உம்முல் முன்திர் என்னும் அன்ஸாரிப் பெண்மணியின் இல்லத்துக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் வருகை தந்தார்கள். உடன் வந்த அலீ (ரலி) அவர்கள் நோயிலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தார்கள். வீட்டில் பேரீச்சங்குலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. பெருமானார் அவற்றிலிருந்து உண்ணத் தொடங்கினார்கள். அலீ அவர்களும் கை நீட்டினார்கள். நோயின் தளர்ச்சி இன்னும் நீங்கவில்லை என்று சொல்லி நபியவர்கள் தடுத்தார்கள். அலீ அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். இதுவரை நான் மாணவர்க்கு எத்தனையோ முறை பாடம் சொல்லியிருக்கிறேன். பத்தியத்துக்குச் சான்று என்று காட்டியுமிருக்கிறேன். நிகழ்ச்சி இவ்விடத்தில் முடியவில்லை. அப்பெண்மணி ஸில்க் என்னும் கீரையையும் வாற்கோதுமையையும் சேர்த்துச் சமைத்துக் கொண்டுவந்தார். அதைக் காட்டி, இதிலிருந்து உண்ணும், இது உமக்கு ஏற்றது என்று நபியவர்கள் அலீ அவர்களிடம் கூறினார்கள்.

விலக்கப்பட்டது ஒன்று, அதே அமர்வில் ஈடாகக் கொடுக்கப்பட்டது ஒன்று. நோயாளி ஒதுக்குப்புறமாகப் போய்ப் பட்டினி கிடக்கவில்லை. எல்லாரோடும் அமர்ந்தே தமக்குரியதை உண்டார். விலக்கும் ஈடும் சேர்ந்ததே ஹிம்யா. பல ஆண்டுகள் ஓதிக்கொடுத்த பாடத்தின் பிற்பாதி, வயிறு வலித்த பிறகே என் கண்ணில் பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அக்கீரையும் வாற்கோதுமையும் எல்லா வயிற்றுநோய்க்கும் மருந்தென்று எவரும் கொள்ளலாகாது. என்போன்ற நோயுடையோர் பலர்க்கு வாற்கோதுமை ஒத்துக்கொள்வதில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த முறையை.

இன்னொரு நிகழ்ச்சி இப்னு மாஜாவில் வருகிறது. கண்வலியோடிருந்த ஸுஹைப் (ரலி) அவர்கள் பேரீச்சம்பழம் உண்பதைக் கண்டு, கண்நோயோடு பழமா என்று நபியவர்கள் வினவ, மறுபக்கத்துப் பல்லால் மெல்லுகிறேன் என்று அவர் விடை பகர்ந்தார். நபியவர்கள் புன்னகை புரிந்தார்கள். மிகுந்த ஆசையோடு உண்ணப்படும் சிறிதளவு பெரிதும் கெடுப்பதில்லை என்னும் நுட்பத்தை இப்னுல் கையிம் இதிலிருந்து எடுத்துக் காட்டுகிறார்கள். பத்தியம் சிறைவாசமன்று என்பதற்கு அப்புன்னகையே போதும்.

ராஸீ வகுத்த முறை

நோய்க்கு வருவோம். பெருங்குடலில் எழும் சுருட்டு வலியை அரபு மருத்துவர்கள் 'கூலன்ஜ்' என்றனர். பெருங்குடலைக் குறிக்கும் யவனச் சொல்லின் வழிவந்த பெயர் இது. ஐ.பி.எஸ். என்பதும் கூலன்ஜ் என்பதும் ஒன்றே எனக் கூறுதல் பிழையாகும். குடலடைப்புப் போன்ற கொடிய நோய்களையும் அப்பெயர் உள்ளடக்கியிருந்தது. ஆயினும் குடல் வலியால் துன்புறுவோர்க்கு என்ன உணவு தருவது என்று முறையாக எண்ணியவர்கள் அம்மருத்துவர்களே.

அவருள் முதல்வரிசையில் வைக்கத்தக்கவர் ரய்யு நகரத்து அபூபக்ர் அர்-ராஸீ (865-925). கூலன்ஜ் பற்றித் தனிநூல் இயற்றிய இவர், உணவைப் பற்றியும் ஒரு நூல் செய்தார். அதன் பெயரே ஒரு பாடம்: உணவுகளின் நன்மைகளும் அவற்றின் தீங்குகளை அகற்றும் வழியும் என்பது அதன் பொருள். நன்மையைச் சொல்லி, தீமையைச் சொல்லி, அத்தீமையைத் தணிக்க எதனோடு சேர்த்து அல்லது எப்படிச் சமைத்து உண்பது என்பதையும் சொல்வது அவர் முறை. உணவை நல்லது கெட்டது என இரண்டாகப் பிரித்து ஒன்றை எறிந்துவிடும் போக்கு அங்கில்லை. உணவால் தீர்க்கக்கூடிய நோய்க்கு மருந்தைத் தேடவேண்டாம் என்பதும் அவர் பெயரால் வழங்கும் அறிவுரை.

இவர்களின் மருத்துவத்துக்கு அடிப்படை 'மிஸாஜ்' என்னும் கோட்பாடு. ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு தனிக் கலவை உண்டு. ஒருவனுக்கு அமுதாவது மற்றொருவனுக்கு நஞ்சாகலாம். பழவேற்காட்டு ஏரியை அறிந்தவர்க்கு இதை விளக்குவது எளிது. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கோடையில் முகத்துவாரத்தில் மணல் மேடிட, வெயிலில் நீர் வற்றி உப்பு ஏறுகிறது. ஏரி ஒன்றே, ஆனால் அதன் கலவை மாற, படும் மீனும் மாறுகிறது. உப்பின் அளவறியாமல் வலை வீசுபவன் வெறுங்கையோடு திரும்புவான். உடம்பும் அத்தகைய ஏரியே.

உடம்பின் கலவையைக் காக்க ஆறு காரணிகளை அவர்கள் எண்ணினார்கள்: காற்று, உணவும் நீரும், உடலின் உழைப்பும் ஓய்வும், உள்ளத்தின் கிளர்ச்சியும் அமைதியும், உறக்கமும் விழிப்பும், கழிவை வெளியேற்றலும் அடக்கலும். உள்ளத்தை அவர்கள் ஒதுக்கவில்லை என்பதைக் கருதுக. பல்கு நகரத்து அபூஸைத் (இறப்பு 934) உடல்களின் நலனையும் உள்ளங்களின் நலனையும் ஒரே நூலுள் வைத்து எழுதினார். ஒன்று நோவின் மற்றதும் நோகும் என்பது அவர் துணிபு. 'மனக்கவலைதான்' என்று நோயாளியைத் திருப்பி அனுப்புவதற்கும், மனமும் குடலும் உறவுடையன என்று அறிந்து இரண்டுக்கும் மருத்துவம் செய்வதற்கும் எத்துணை வேறுபாடு!

மருத்துவ மாமேதையின் முடிவு

இப்போது இப்னு ஸீனாவின் கதைக்கு வருவோம். புகாராவை அடுத்த சிற்றூரில் 980-இல் பிறந்து, அல்-கானூன் என்னும் மருத்துவப் பெருநூலை இயற்றி, கிழக்கிலும் மேற்கிலும் பல நூற்றாண்டுக் காலம் மருத்துவர்களுக்கு ஆசானாக விளங்கியவர் அவர். கூலன்ஜ் பற்றித் தனியே ஒரு நூலும் செய்திருக்கிறார். ஹமதானுக்கு அருகிலுள்ள ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதம் சிறைவைக்கப்பட்டிருந்த காலத்தில் அதை எழுதினார் என்று, அவரோடு நெடுங்காலம் உடனிருந்த மாணவர் ஜூஸ்ஜானீ குறித்து வைத்துள்ளார். இப்னு ஸீனாவின் இறுதி நாட்களை நாம் அறிவதும் அம்மாணவரின் எழுத்தாலேயே.

எந்த நோயைப் பற்றி நூல் எழுதினாரோ அதே கூலன்ஜ் அவரைப் பற்றியது. அப்போது அவருடைய அரசர் அலாவுத்தவ்லா போர்முகத்தில் இருந்தார். படை நகர்ந்தால் நோயோடு பின்தங்கிவிடுவோமே என்னும் அச்சத்தால் விரைந்து குணமடைய விரும்பிய இப்னு ஸீனா, ஒரே நாளில் எட்டு முறை தமக்கு எனிமாக் கொடுத்துக்கொண்டார். குடல் புண்ணாயிற்று. பின்னர் எனிமா மருந்தில் இரண்டு தானிக் எடையளவு கரஃப்ஸ் விதை சேர்க்கச் சொன்னார். உடனிருந்த மருத்துவர் ஐந்து திர்ஹம் எடை சேர்த்துவிட்டார். ஆறு தானிக் சேர்ந்தால் ஒரு திர்ஹம்; எனில் சொன்னதற்குப் பதினைந்து மடங்கு! வேண்டுமென்றே செய்தாரா, தவறிச் செய்தாரா என்று தெரியவில்லை என்கிறார் ஜூஸ்ஜானீ. அவருடைய பொருளைக் கையாடிய பணியாட்கள் மருந்தில் அபினியை மிகுத்ததாகவும் எழுதுகிறார்.

இஸ்ஃபஹானுக்கு எடுத்துச் செல்லப்பட்டு ஓரளவு தேறினார். அரசவைக்கும் வரத் தொடங்கினார். ஆயினும் முழுதும் தேறுமுன் தம்மைக் காத்துக்கொள்ளவில்லை. நோய் மீள்வதும் தணிவதுமாக இருந்தது. அரசரோடு ஹமதானுக்குப் புறப்பட்ட வழியில் மீண்டும் கண்டது. உடலின் வலிமை இனி நோயை எதிர்க்கப் போதாது என்று உணர்ந்ததும் மருந்தை நிறுத்திவிட்டார். ஹிஜ்ரி 428, அதாவது 1037-இல், ஹமதானில் உயிர் நீத்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் அறியாத பத்தியம் உண்டா? பிறர்க்கெல்லாம் எழுதிக் கொடுத்தவர் அவர். எனினும் அரசுப் பணியும் பயணமும் அவரை விரைவுபடுத்தின. எட்டு நாளில் ஆற வேண்டியதை ஒரே நாளில் ஆற்ற முயன்றார். தேறும் காலத்தில் பொறுமை காட்டவில்லை. அறிவு வேறு, அறிந்ததைக் கடைப்பிடிக்கும் சூழல் வேறு. மாமேதைக்கே இந்நிலை எனின், விடியுமுன் ஏரியில் இறங்க வேண்டிய மீனவனை 'ஏன் பத்தியம் காக்கவில்லை' என்று நாம் எளிதில் கடிந்துகொள்ளலாகாது. என்னிடம் ஓதும் பிள்ளை ஒருவனின் தந்தை இதே நோயுடையவர். படகில் ஏறும் நாளில் முதல்நாள் மாலையிலிருந்தே ஒன்றும் உண்பதில்லை என்றார். ஏரி நடுவே வயிறு கலங்கினால் எங்கே போவது? ஊராரிடம் சொல்ல நாணம். வெறும் வயிற்றோடு வலை இழுத்து மயங்கியும் விழுந்திருக்கிறார்.

தமிழ் மருத்துவத்தின் மறுபத்தியம்

தமிழ் மரபும் இவ்விடயத்தில் வறியதன்று. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் ஆறு உணவளவைப் பற்றியே பேசுகின்றன. முன்னுண்டது செரித்ததை அறிந்து, உடம்போடு மாறுகொள்ளாததை, அளவோடு உண்க என்பதே அவற்றின் சாரம். சித்த மருத்துவம் குன்மம், கிரகணி என்னும் பெயர்களின் கீழ் வயிற்று நோய்களை வகுத்து ஒவ்வொன்றுக்கும் பத்தியம் கூறிற்று. சித்தருள் ஒருவராகிய இராமதேவர் மக்கா சென்று இஸ்லாத்தைத் தழுவி யாகூபு என்று பெயர் பெற்றார் என்பது சித்தர் மரபில் வழங்கும் செய்தி. அப்பெயரால் மருத்துவச் சுவடிகளும் உள்ளன. ஹிம்யாவும் பத்தியமும் இம்மண்ணில் பகையாக வாழவில்லை என்பதற்கு இச்செய்தி அடையாளம். 1921-இல் சென்னை அரசு அமைத்த உள்நாட்டு மருத்துவக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் தஞ்சையைச் சேர்ந்த முகமது உஸ்மான் சாகிப். அக்குழுவின் பரிந்துரையால் தோன்றிய அரசுப் பள்ளியில் சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றும் ஒரே கூரையின்கீழ்ப் பயிற்றப்பட்டன.

தமிழில் 'மறுபத்தியம்' என்றொரு சொல் உண்டு. மருந்துண்டு முடித்த பின்னும் சில நாள் காக்கும் உணவுக் கட்டுப்பாடு அது. நோயுணவிலிருந்து வழக்க உணவுக்கு ஒரேயடியாகத் தாவாமல் படிப்படியாகத் திரும்பச் செய்யும் ஏற்பாடு. இப்னு ஸீனா இழந்தது இந்த மறுபத்தியத்தைத்தான். நானும் மறந்தது இதைத்தான். நான் விலக்கிக்கொண்டே போனேனேயன்றித் திரும்பி வரவில்லை.

இன்றைய ஆய்வு கூறுவது

ஐ.பி.எஸ். என்னும் பெயர் மருத்துவ ஏட்டில் இடம்பெற்றது 1944-இல். 1962-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சௌதரி, ட்ரூலவ் என்னும் இரு மருத்துவர் 130 நோயாளிகளை ஆராய்ந்து, அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர்க்கு இந்நோய் சீதபேதி போன்ற தொற்றுக்குப் பின்னரே தொடங்கியது என்று கண்டனர். 2000-இல் கனடாவின் வாக்கர்ட்டன் என்னும் சிற்றூரில் குடிநீர் கெட்டுப் பலர் நோயுற்றபோது, அவர்களுள் பலர்க்குப் பின்னாளில் இக்குடல்நோய் நிலைத்ததையும் ஆய்வாளர் பதிவு செய்தனர். உவர்நீர்க் கிணறுகளும் மழைக்கால வெள்ளமும் உள்ள நம் குப்பங்களுக்கு இச்செய்தி அயலானதன்று. நன்னீரும் ஒழுங்கான கழிப்பிடமும் இந்நோய்க்கும் தடுப்பு மருந்தே.

உணவைப் பொறுத்தவரை, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பீட்டர் கிப்சன், சூ ஷெப்பர்டு ஆகியோர் 2005-இல் 'ஃபாட்மேப்' என்னும் பெயரை வழங்கினர். சிறுகுடலில் நன்கு உறிஞ்சப்படாத சிலவகைச் சர்க்கரைப் பொருள்களுக்கு அது பொதுப்பெயர். இவை குடலுக்குள் நீரை இழுக்கின்றன. பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்களால் புளித்து வாயுவாகின்றன. குடல் விரிகிறது. எல்லார்க்கும் விரிந்தாலும், உணர்வு மிகுந்த குடலுடையவனுக்கே அது வலியாகிறது. கோதுமை, வெங்காயம், பூண்டு, கொண்டைக்கடலை, பால், மாம்பழம், தேன் ஆகியவற்றில் இவை மிகுதி.

இம்முறையில் மூன்று படிகள் உள்ளன. முதலில் இரண்டு முதல் ஆறு வாரம் அவ்வுணவுகளைக் குறைப்பது. அடுத்து ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாகச் சேர்த்து எது, எவ்வளவு ஒத்துக்கொள்கிறது என்று காண்பது. இறுதியில், ஒத்துக்கொள்ளாதவற்றை மட்டும் அளவறிந்து தவிர்த்து, ஏனையவற்றை மீட்டுக்கொள்வது. முதற்படியிலேயே வாழ்நாள் முழுதும் நின்றுவிடுவது தவறு. அதனால் உடல் வற்றும். விலக்கு, ஈடு, மறுபத்தியம், ஒவ்வொருவர்க்கும் தனித்தனி மிஸாஜ் ஆகிய பழஞ்சொற்களின் பொருளை மெல்போர்ன் ஆய்வாளர் வேறு மொழியில் சொல்வதாகவே எனக்குப் பட்டது. இம்முறை எல்லார்க்கும் பயன் தருவதில்லை; நோயை வேரோடு அகற்றுவதுமில்லை; பலர்க்குத் துன்பத்தைக் குறைக்கிறது.

வாசகர்கள் ஒன்றை மறத்தலாகாது. மலத்தில் குருதி, காரணமற்ற மெலிவு, சோகை, காய்ச்சல், உறக்கத்தை எழுப்பும் வலி, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தோன்றும் குடல் மாற்றம் ஆகியவை காணின் பத்தியத்தோடு நின்றுவிடாமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வேறு நோயில்லை என்று உறுதியான பின்னரே உணவுச் சோதனை.

பழவேற்காட்டுச் சட்டியில்

இவ்வளவும் அறிந்த பின் என் தமக்கையாரின் கேள்விக்கு விடை கிடைத்தது. நம் ஏரி தரும் மடவை, கொடுவா, கிழங்கான், இறால், நண்டு ஆகிய எவற்றிலும் மேற்சொன்ன சர்க்கரைப் பொருள்கள் இல்லை. சோற்றிலும் இல்லை, முட்டையிலும் இறைச்சியிலும் இல்லை. நான் அஞ்சி ஒதுக்கிய மீன்குழம்பில் என்னை வருத்தியது மீனன்று; அதில் அரைத்துக் கரைத்த வெங்காயமும் பூண்டுமே! பிறந்த ஏரியே எனக்கு ஈட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க, நான் உப்புக் கஞ்சியோடு இருந்திருக்கிறேன்.

பூண்டின் மணமின்றி நம் வீட்டுச் சமையலா என்று கேட்பீர்கள். அதற்கும் வழியுண்டு. பூண்டிலுள்ள தீங்கான பொருள் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆதலின் நீர் சேர்க்குமுன் முழுப் பூண்டுப் பற்களை எண்ணெயில் வதக்கி, அவற்றை எடுத்து எறிந்துவிட்டால் மணம் மட்டும் எண்ணெயில் நிற்கும். வெங்காயத்துக்கு மாற்றாக வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி உதவும். கோதுமை மாவு கலவாத பெருங்காயமும் கைகொடுக்கும். தமக்கையார் பச்சரிசி, கொத்துக்கறி, இஞ்சி, கேரட், மல்லி, புதினா இட்டு, பருப்பும் வெங்காயமும் இல்லாமல், பூண்டு மணந்த எண்ணெயில் தாளித்து எனக்கொரு நோன்புக்கஞ்சி காய்ச்சினார். அவ்வாண்டு ரமலானின் பிற்பகுதியில் என் கிண்ணத்தோடு பள்ளிவாசல் வரிசையில் மீண்டும் அமர்ந்தேன். கஞ்சி வேறு, அமர்ந்த பாய் ஒன்றே.

பின்னர் மறுபத்தியம் தொடங்கினேன். பாசிப்பருப்புச் சிறிதளவு ஒத்துக்கொண்டது. தயிர் ஒருகரண்டி ஒத்துக்கொண்டது. புரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை. மாம்பழத்தில் ஒரு கீற்று மட்டும் உண்கிறேன். அப்போது ஸுஹைப் (ரலி) அவர்களின் விடை நினைவுக்கு வருகிறது. வலி முற்றும் போய்விடவில்லை. தேர்வு நடத்தும் வாரத்திலும், உறக்கம் கெட்ட நாளிலும் வரத்தான் செய்கிறது. ஆயினும் அது இன்னதென்று அறிவேன். அஞ்சி உணவையெல்லாம் எறிவதில்லை.

விருந்தளிப்போர்க்கு ஒரு சொல்

விருந்தோம்பல் நம் குடும்பங்களின் சிறப்பு. 'ஒரு பிடியாவது சாப்பிடுங்கள்' என்று வற்புறுத்துவது அன்பின் வெளிப்பாடு என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் பெருமானார் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்பது ஆதாரபூர்வமான செய்தி. உண்ணாமல் விடுவது வேறு, குறைகூறுவது வேறு. உடும்பிறைச்சி பரிமாறப்பட்டபோது தம் ஊரில் அது பழக்கமில்லை என்று நபியவர்கள் உண்ணாதிருந்தார்கள். அவர்கள் முன்னிலையிலேயே காலித் (ரலி) அவர்கள் உண்டார்கள். ஒருவரின் இயல்பு மற்றவரைக் கட்டுப்படுத்தவுமில்லை, புண்படுத்தவுமில்லை. நோயாளிக்கு நோன்பிலேயே சலுகை தந்த மார்க்கம் விருந்தில் சலுகை தராதா?

ஆகவே, உங்கள் ஸஹனில் ஒருவர் கைவைக்கத் தயங்கினால் காரணம் கேட்டு அவரைக் கூட்டத்தில் நாணச் செய்யாதீர்கள். உம்முல் முன்திர் அம்மையார் செய்தது போல் உள்ளே சென்று, அவருக்கு ஆகுவது ஒன்றை, வெறுஞ்சோறும் வறுத்த மீனுமே ஆயினும், கொண்டுவந்து வையுங்கள். நோயுடையோரும் நாணத்தால் மறைக்க வேண்டாம்; ஆகாததைச் சொல்லும்போதே ஆகுவதையும் சொல்லிவிடுங்கள். அன்று என்னால் முகம் வாடிய அந்த வலீமாக்காரர் வீட்டுக்கு அண்மையில் நானே சென்று உண்மையைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, தம் மனைவிக்கும் இதே துன்பம் பல்லாண்டுகளாக இருப்பதாகத் தாழ்ந்த குரலில் சொன்னார். அந்த அம்மையாருக்காகவும், வெறும் வயிற்றோடு வலை இழுக்கும் அந்தத் தந்தைக்காகவுமே இதனை எழுதினேன்.

நோயைத் தந்தவனே அதற்குரிய ஈட்டையும் இம்மண்ணிலும் நீரிலும் வைத்திருக்கிறான். அதைத் தேடி அறியும் அறிவையும், அறிந்ததைக் காக்கும் பொறுமையையும் நம் அனைவர்க்கும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.